ஜிஇஏசிக்கு ஆட்சேபம் எழுதுவோருக்கு: முன்னெச்சரிக்கைக் கொள்கையைக் கோப்பில் நிற்க வைக்கும் வழி

"முன்னெச்சரிக்கைக் கொள்கையின்படி இந்த மரபணு மாற்றுப் பயிருக்குத் தடை விதிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய மனுவை ஜிஇஏசி என்ற ஒன்றிய அரசின் ஒழுங்குமுறைக் குழு வாங்கும், கோப்பில் சேர்க்கும், அதோடு சரி. பதில் சொல்ல அதில் எதுவும் இல்லை. என்ன தீங்கு, அது எந்த வழியாக வரும், விண்ணப்பதாரர் தந்த கோப்பின் எந்த அட்டவணையில் தரவு போதவில்லை, அதற்காக என்ன செய்யச் சொல்கிறீர்கள், எது கிடைத்தால் ஆட்சேபத்தை விலக்கிக்கொள்வீர்கள் ஆகிய ஐந்தும் இருந்தால்தான் குழு காரணத்தோடு பதில் எழுத வேண்டிய நிலை வரும். எழுதாமல் விட்டால் பின்னால் நீதிமன்றத்தில் அந்த மௌனமே உங்களுக்குக் கைகொடுக்கும்.

மரபணு மாற்றுப் பயிர் விண்ணப்பம் ஒன்றின்மீது இந்தியாவில் எழுத்துப்பூர்வமாகக் கருத்து அனுப்ப விரும்பும் உழவர் சங்கங்கள், நுகர்வோர் அமைப்புகள், சட்டம் அல்லது வேளாண்மை படிப்போர் ஆகியோருக்கான வழிமுறை இது. பயிரை ஆதரிப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம். எதிர்த்தரப்பின் வாதம் எங்கே பலவீனமானது என்பது இதிலேயே தெரியும்.

கொள்கையின் சொற்களை அளந்து பயன்படுத்துங்கள்

1992 ரியோ பிரகடனத்தின் 15ஆம் கோட்பாடு சொல்வது இதுதான்: கடுமையான அல்லது மீளமுடியாத சேதம் நேரும் அச்சுறுத்தல் இருந்தால், முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டி, செலவுக்கேற்ற பலன் தரும் தடுப்பு நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது. மனு எழுதுபவர்கள் "முழு உறுதி இல்லை" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பதாரரின் வழக்கறிஞர் மீதிப் பாதியை எடுப்பார். "கடுமையான அல்லது மீளமுடியாத" என்பதும் "செலவுக்கேற்ற" என்பதும் அவருடைய ஆயுதங்கள். இரண்டுக்கும் மனுவிலேயே விடை இருக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கொள்கைக்குச் சட்ட வலு தந்தது நம் பாலாற்று வழக்குதான். வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றது. ரியோவில் இல்லாத ஒன்றையும் அது சேர்த்தது: தன் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிரூபிக்கும் சுமை அதைச் செய்ய முனைபவர்மீதே விழும். தீங்கை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தீங்கு நேரக்கூடிய, நம்பத்தக்க ஒரு வழி இருக்கிறது, அதை மறுக்கும் தரவு கோப்பில் இல்லை என்று காட்டினால் போதும். 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் பிரிவு 20 இந்தக் கொள்கையைக் கடைப்பிடிக்கத் தீர்ப்பாயத்தைக் கட்டாயப்படுத்துகிறது.

உயிரிப் பாதுகாப்புக்கான கார்டஹேனா நெறிமுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000 ஜனவரியில் ஏற்கப்பட்டு 2003 செப்டம்பர் 11 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா அதில் உறுப்பு நாடு. அதன் மூன்றாம் இணைப்பில் உள்ள ஒரு கருத்தை மனுவின் முதல் பக்கத்திலேயே வைக்கலாம்: அறிவியல் தகவலோ ஒருமித்த கருத்தோ இல்லாதிருப்பதை ஆபத்து இருப்பதற்கோ, இல்லாதிருப்பதற்கோ, ஏற்கத்தக்கதாக இருப்பதற்கோ அடையாளமாகக் கொள்ள வேண்டியதில்லை. "இதுவரை எந்தத் தீங்கும் தெரியவரவில்லை" என்ற வழக்கமான பதிலுக்கு இதுவே மறுப்பு. "தெரியவில்லை, ஆகவே ஆபத்து" என்று நீங்கள் எழுதினால் உங்களையும் இதே வரி அடிக்கும்.

எந்தக் கதவு, எந்த நேரம்

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1989 விதிகள்தான் இந்த ஒழுங்குமுறையின் அடித்தளம். நிறுவன அளவில் ஐபிஎஸ்சி (நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு), உயிரித் தொழில்நுட்பத் துறையின்கீழ் ஆர்சிஜிஎம் (மரபணு மாற்ற மறுஆய்வுக் குழு), சுற்றுச்சூழல் அமைச்சகத்தின்கீழ் ஜிஇஏசி (மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு) என்று கோப்பு மேலே போகும். 2010 வரை ஜிஇஏசியின் பெயரில் "ஒப்புதல் குழு" என்று இருந்தது. பிடி கத்தரிக்காய் (புழுவைத் தடுக்கப் பாக்டீரியா மரபணு சேர்த்த கத்தரி) விவகாரத்துக்குப் பிறகு அது "மதிப்பீட்டுக் குழு" ஆனது. மாநில அளவில் எஸ்பிசிசி (மாநில உயிரித் தொழில்நுட்ப ஒருங்கிணைப்புக் குழு), மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் டிஎல்சி (மாவட்ட அளவிலான குழு) உண்டு. கடைசி இரண்டும் பல இடங்களில் காகிதத்தோடு நிற்பவை. ஆனாலும் களச் சோதனையில் வேலி இல்லை, அறுவடைக் கழிவை எரிக்கவில்லை என்பதுபோன்ற மீறல்களுக்கு முதல் புகார் ஆட்சியருக்கே போக வேண்டும். விதியின்படி குழுவின் தலைவர் அவர்தான்.

களச் சோதனை இரண்டு படிகளில் நடக்கும். முதல் படியான பிஆர்எல்-1இல் (உயிரிப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலை-1) ஓர் இடத்துக்கு 1 ஏக்கர், ஒரு பருவத்தில் எல்லா இடங்களும் சேர்ந்து 20 ஏக்கர் என்பது 2008 வழிகாட்டுதலின் வரம்பு. பிஆர்எல்-2இல் ஓர் இடத்துக்கு 2.5 ஏக்கர். 2011 முதல் சோதனைக்கு அந்தந்த மாநில அரசின் தடையின்மைச் சான்று தேவை. அதற்குப் பிறகே "சுற்றுச்சூழலில் விடுவிப்பு" விண்ணப்பம் வரும்.

ஆட்சேபத்தைக் கடைசிப் படிக்காக வைத்திருப்பது பெரிய தவறு. மகரந்தப் பரவல் சோதனையில் எத்தனை மீட்டர் வரை, எத்தனை விதை எடுத்துப் பார்ப்பது என்பது பிஆர்எல் கட்டத்திலேயே முடிவாகிவிடும். அப்போது கேட்டால் நெறிமுறையை மாற்றலாம். விடுவிப்புக் கட்டத்தில் கேட்டால் "இன்னும் மூன்று பருவம் ஆகும்" என்ற பதில்தான் வரும், தாமதத்துக்குக் காரணம் நீங்கள் என்ற பேரும் சேர்ந்து வரும். ஜிஇஏசி தளத்தில் கூட்ட நிகழ்ச்சி நிரலும் நடவடிக்கைக் குறிப்புகளும் வெளியாகும். அவற்றைத் தொடர்ந்து பார்ப்பதற்குக் குழுவில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கோப்பைக் கையில் வாங்குதல்

பொதுக் கருத்துக்கு வெளியாவது பெரும்பாலும் சுருக்கம்தான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டிஎம்எச்-11 என்ற மரபணு மாற்றுக் கலப்பினக் கடுகுக்கு 2016 செப்டம்பரில் நூற்றுச் சொச்சம் பக்கச் சுருக்க ஆவணம் தளத்தில் ஏறியது. கருத்துச் சொல்ல 30 நாள் தந்தார்கள். முழுக் கோப்பைப் பார்க்க வேண்டுமானால் டெல்லிக்கு நேரில் போக வேண்டும். கருத்துக்கான அறிவிப்பு வந்த பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் (ஆர்டிஐ) விண்ணப்பம் போட்டால், பதிலுக்கான 30 நாளும் கருத்துக்கான 30 நாளும் ஒன்றாக முடிந்துபோகும். எனவே நிகழ்ச்சி நிரலில் பயிரின் பெயர் தென்பட்ட அன்றே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

கட்டணம் 10 ரூபாய். ஒன்றிய அரசுக்கான விண்ணப்பம் 500 சொல்லுக்குள் இருப்பது நல்லது. "எல்லா ஆவணங்களும்" என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: பிஆர்எல்-1, பிஆர்எல்-2 அறிக்கைகள், ஒவ்வோர் இடத்தின் மூலத் தரவுத் தாள்களோடு, 90 நாள் எலிச் சோதனை அறிக்கை, ஒவ்வொரு விலங்கின் தனித் தரவோடு, மகரந்தப் பரவல் ஆய்வின் நெறிமுறையும் மாதிரி எண்ணிக்கையும், துணைக்குழுக்கள் எழுப்பிய கேள்விகளும் விண்ணப்பதாரர் தந்த பதில்களும். கடைசியாகச் சொன்னது பொன் மாதிரி. துறை வல்லுநர்களே எங்கே ஐயப்பட்டார்கள் என்பது அதில் கிடைக்கும்.

"வணிக இரகசியம்" என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஈ)யைக் காட்டி மறுப்பார்கள். அந்தப் பிரிவிலேயே பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற விலக்கு இருக்கிறது. கார்டஹேனா நெறிமுறையின் 21ஆம் உறுப்பும் கைகொடுக்கும். விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, உயிரியின் பொது விவரம், ஆபத்து மதிப்பீட்டின் சுருக்கம், அவசரகால நடவடிக்கைத் திட்டம் ஆகியவற்றை இரகசியம் எனக் கருதக் கூடாது என்கிறது அது. மறுப்பு வந்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், மத்தியத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்பதை மனுவில் பதிவு செய்யுங்கள்.

தீங்கின் பாதையைச் சங்கிலிபோலக் கண்ணி கண்ணியாக எழுதுங்கள்

"சுற்றுச்சூழல் பாதிக்கப்படும்" என்பது பாதை ஆகாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இடையில் என்னென்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு கண்ணியும் தனியாக வர வேண்டும். கத்தரியை எடுத்துக்கொள்வோம். கிரை1ஏசி என்ற புழுக்கொல்லி மரபணு கொண்ட ஈஈ-1 என்ற பிடி கத்தரி, தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு எதிராக உருவாக்கப்பட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் அந்த மரபணுவை வட்டார இரகங்களுக்குள் கொண்டுவரும் வேலையில் இருந்தன.

முதல் கண்ணி: பூக்கும் காலம் ஒத்துப்போய், தேனீ வழியாக மகரந்தம் அருகிலுள்ள காட்டு உறவுக்குப் போகிறது. இரண்டாவது: கலப்பில் வளமான விதை உண்டாகிறது. மூன்றாவது: புழு தாக்காததால் அந்தக் கலப்பினச் செடி மற்றவற்றைவிட அதிக விதை போடுகிறது. நான்காவது: சில தலைமுறைகளில் அந்த மரபணு காட்டுக் கூட்டத்தில் பரவுகிறது. ஐந்தாவது: திரும்ப எடுக்க வழியில்லை.

ஒவ்வொரு கண்ணியின் எதிரிலும் கோப்பின் எந்தப் பக்கம் அதைப் பற்றிப் பேசுகிறது என்று எழுதுங்கள். மூன்றாவது கண்ணியில்தான் பொதுவாக வெற்றிடம் இருக்கும். கலப்பு நடக்குமா என்று சோதிப்பார்கள். கலந்த செடி காட்டில் எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்பது அரிது. எந்த உறவுச் செடி என்பதிலும் கவனம் வேண்டும். சொலானம் இன்சானம் என்ற முள்ளுக் கத்தரி, கத்தரியோடு எளிதில் கலந்து வளமான விதை தரும். சுண்டையோடு கலப்பது மிகக் கடினம். எல்லாவற்றையும் "காட்டு உறவுகள்" என்று ஒரே மூட்டையில் கட்டினால், விண்ணப்பதாரர் சுண்டையை எடுத்துக் காட்டி மொத்த வாதத்தையும் தள்ளிவிடுவார்.

உணவுப் பாதையில் உண்ணும் பழக்கத்தைச் சேருங்கள். உள்ளூர் அறிவு உண்மையில் பயன்படும் இடம் இது. பருத்தியை நார்ப் பயிர் என்று கடந்துபோகும் மதிப்பீட்டில் பருத்திக்கொட்டை எண்ணெயும், மாட்டுக்குப் போகும் பிண்ணாக்கும் இடம்பெறலாம். மதுரையில் தெருவுக்குத் தெரு விற்கும் பருத்திப்பால் இடம்பெறாது. கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சிக் குடிக்கும் பானத்தில், சுத்திகரித்த எண்ணெயில் இல்லாத புரதம் இருக்கும். இதனால் அது நச்சு என்று ஆகாது. உட்கொள்ளும் அளவைக் கணக்கிட்டபோது ஒரு வழி விடுபட்டது என்பது மட்டும் ஆகும். மனுவுக்கு அதுவே போதும்.

பூஜ்யத்தைச் சோதிக்கும் கணக்கு

கோப்பில் அடிக்கடி வரும் வாக்கியம்: "50 மீட்டருக்கு அப்பால் கலப்பு எதுவும் காணப்படவில்லை." உடனே எத்தனை விதை பார்த்தார்கள் என்று தேடுங்கள். எண்ணிக்கை கிடைத்ததும் 3ஐ அதால் வகுங்கள். பூஜ்யம் கண்ட சோதனையில் உண்மையான வீதம் அதிகபட்சம் எவ்வளவு இருந்திருக்கக்கூடும் என்பதன் 95% மேல்வரம்பு அதுதான். 300 விதையில் எதுவும் இல்லை என்றால் 1% வரை இருந்திருக்கலாம். 0.1%ஐ மறுக்க 3,000 விதை வேண்டும், 0.01%க்கு 30,000.

அந்த 300 விதையும் எத்தனை காயிலிருந்து வந்தவை என்றும் பாருங்கள். ஒரு கத்தரிக்காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். ஒரே காயின் விதைகள் ஒரே தேனீயின் வருகையைச் சார்ந்திருக்கலாம் என்பதால் அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மாதிரிகள் அல்ல. மூன்று காயிலிருந்து எடுத்த 300 விதை, கணக்குக்கு 300 ஆகாது.

எலிச் சோதனையில் இதே கேள்வி வேறு உருவில் வரும். 90 நாள் ஊட்டிப் பார்க்கும் ஓஇசிடி 408 என்ற பன்னாட்டுச் சோதனை நெறிமுறையின் குறைந்தபட்ச அளவு, ஒரு குழுவுக்கு 10 ஆண், 10 பெண் விலங்கு. ஆண், பெண்ணைத் தனித்தனியே அலசினால் ஒப்பீடு பத்துக்குப் பத்துதான். ஒரு குழுவுக்கு எத்தனை விலங்கு வேண்டும் என்பதற்குக் கைக்கணக்கு உண்டு: தர விலகலை (அளவீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு), கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டால் வகுத்து, வருவதை இருமடி ஆக்கி, 16ஆல் பெருக்குங்கள். ஓர் அளவீட்டின் தர விலகல் சராசரியில் 20%. 10% வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், குழுவுக்கு 64 விலங்கு தேவை. பத்தை வைத்துக்கொண்டு சுமார் 25% வேறுபாட்டைத்தான் 80% வாய்ப்போடு பிடிக்க முடியும். "புள்ளியியல்படி வேறுபாடு இல்லை" என்ற முடிவின் எதிரே, "எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் இந்தச் சோதனைக்கு இருந்தது? ஆற்றல் கணக்கைக் கோப்பில் சேர்க்கவும்" என்று கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓர் அறிக்கையில் 60 அளவீடு ஒப்பிடப்பட்டால், 5% அளவுகோலில் சராசரியாக 3 தற்செயலாகவே "குறிப்பிடத்தக்கது" என்று வந்துவிடும். அந்த மூன்றைப் பொறுக்கி எடுத்து ஈரல் பாதிப்பு என்று எழுதினால், நச்சியல் தெரிந்த உறுப்பினர் அங்கேயே மனுவை மூடிவிடுவார். ஆண், பெண் இரண்டிலும் ஒரே திசையில், அளவு கூடக்கூட விளைவும் கூடும் வகையில், தொடர்புடைய திசு ஆய்வும் ஒத்துப்போனால் மட்டும் எடுங்கள். 2012இல் பிரெஞ்சு ஆய்வாளர் செராலினியின் குழு மரபணு மாற்று மக்காச்சோளம் பற்றி வெளியிட்ட எலிக் கட்டி ஆய்வையும் சேர்க்காதீர்கள். குழுவுக்குப் பத்து விலங்கு, வயதானால் இயல்பாகவே கட்டி வரும் ஸ்ப்ரேக்-டாலி எலி என்ற இரண்டு குறைகளால் அதை வெளியிட்ட இதழே 2013இல் திரும்பப் பெற்றது. 2014இல் வேறோர் இதழில் மறுபடி வந்தாலும் அதன்மீது மனுவைக் கட்டுவது மணலில் கட்டுவது.

எதோடு ஒப்பிட்டார்கள்?

டிஎம்எச்-11 கடுகின் விளைச்சல் கூடுதல் என்ற கூற்று, முக்கியமாக வருணா என்ற பழைய இரகத்தோடு வைத்த ஒப்பீட்டில் நின்றது. விடுவிக்கப்பட்ட புதிய இரகங்களும் கலப்பினங்களும் இருக்கையில் அந்த ஒப்பீடு போதாது என்பது அதன்மீது வைக்கப்பட்ட வலுவான விமர்சனங்களில் ஒன்று. இது உயிரிப் பாதுகாப்புக் கேள்வி இல்லையே என்பார்கள். நடவடிக்கை அளவோடு இருக்கிறதா என்பதைப் பலனையும் ஆபத்தையும் சேர்த்துத்தான் நிறுக்க முடியும். பலனை ஊதிக் காட்டினால் தராசே கோணும்.

எதிர்த்தரப்பின் மிக நல்ல வாதமும் இதே இடத்திலிருந்துதான் வரும்: "விடுவிக்காமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. கத்தரி உழவர் காய்த்துளைப்பானுக்காக மருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார். அந்த நச்சுக்கு உங்கள் முன்னெச்சரிக்கை எங்கே?" நியாயமான கேள்வி. பதில் இல்லாத மனு பாதி மனுதான். இனக்கவர்ச்சிப் பொறி, வாடிய நுனித்தண்டைக் கிள்ளி அழிப்பது, வட்டார இரகத் தேர்வு ஆகியவற்றை அதே இடங்களில் அதே பருவத்தில் ஒப்பீட்டுப் பாத்தியாக வைத்துச் சோதிக்கக் கோருங்கள். அந்தத் தரவு இல்லாத கோப்பு மாற்று வழிகளைப் பரிசீலிக்கவில்லை என்று எழுத முடியும்.

கேட்கும் நடவடிக்கை நடக்கக்கூடியதாக இருக்கட்டும்

முழுத் தடை என்பது ஏணியின் கடைசிப் படி. அதற்குக் கீழே கூடுதல் ஆய்வு, குறிப்பிட்ட மாவட்டங்களை விலக்குவது, காலவரம்பு வைத்த அனுமதி, விதைக் கண்காணிப்பு, இழப்பீட்டு வைப்புத்தொகை எல்லாம் இருக்கின்றன. முன்னெச்சரிக்கைக் கொள்கை குறித்து ஐரோப்பிய ஆணையம் 2000 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்: நடவடிக்கை அளவோடு, பாகுபாடின்றி, முந்தைய முடிவுகளோடு ஒத்து, பலனும் செலவும் பார்த்து, புது அறிவியல் வந்தால் மறுபரிசீலனைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், தரவு தரும் பொறுப்பு யாருடையது என்றும் சொல்ல வேண்டும். பொதுப்படையான அச்சம் அங்கேயும் நிற்கவில்லை. மான்810 என்ற பூச்சி எதிர்ப்பு மரபணு மாற்று மக்காச்சோளத்துக்கு இத்தாலி போட்ட தடை குறித்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017 செப்டம்பரில், கடுமையான ஆபத்து தெளிவாகத் தெரியாதபோது ஓர் உறுப்பு நாடு முன்னெச்சரிக்கையை மட்டும் காட்டி அவசரத் தடை விதிக்க முடியாது என்றது.

நிபந்தனையோடு அனுமதி என்றால் யார் கண்காணிப்பது என்று கேளுங்கள். பிடி பருத்தி கற்றுத்தந்த பாடம் இது. 2002இல் அனுமதி கிடைத்தபோதே, புழுவுக்கு எதிர்ப்புத்திறன் வரும் என்று தெரிந்துதான் வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது பரப்பில் 20%, இதில் எது அதிகமோ அந்த அளவுக்கு சாதாரணப் பருத்தியை (எதிர்ப்புத்திறன் இல்லாத புழுக்கள் பிழைக்கப் புகலிடப் பயிராக) போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் வந்தது. அந்த வரிசையைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்கச் சிறு உழவருக்கு எந்த ஈடும் இல்லை, பார்த்துக் கேட்க ஆளும் இல்லை. பொட்டலம் மூலையில் கிடந்தது. 2010இல் குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசியைத் தாங்கத் தொடங்கிவிட்டதை அந்த விதையை உருவாக்கிய மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது. அதே புழுவை, புகலிடப் பயிரை ஒழுங்காகப் போட்டும் மலட்டு அந்துகளை விட்டும் அமெரிக்கா தன் பருத்திப் பகுதிகளிலிருந்து ஒழித்துவிட்டதாக 2018இல் அறிவித்தது. முன்னெச்சரிக்கை இரண்டு நாட்டிலும் எழுத்தில் இருந்தது.

வயலில் பிரித்துவைக்க முடியாததைக் காகிதத்தில் பிரிக்கும் நிபந்தனைகளையும் சுட்டுங்கள். ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்று மக்காச்சோளத்துக்கு 1998இல் அமெரிக்காவில் தீவனத்துக்கு மட்டும் அனுமதி தந்தார்கள். 2000 செப்டம்பரில் அது கடைத் தின்பண்டத்தில் கிடைத்தது. களைக்கொல்லியைத் தாங்கும் 'பார்' (bar) என்ற மரபணு டிஎம்எச்-11 கடுகில் இருக்கிறது. 2022 அக்டோபர் அனுமதியோ களைக்கொல்லியை விதை உற்பத்தியில் மட்டும் பயன்படுத்தலாம், உழவர் வயலில் கூடாது என்றது. யார், எந்த ஆய்வால், எத்தனை வயலில் ஒருமுறை பார்ப்பது என்பதற்கு விடை இல்லாத நிபந்தனையைக் காப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். தேனீ உள்ளிட்ட மகரந்தச் சேர்க்கையாளர்கள் குறித்த கள ஆய்வை விடுவித்த பிறகு இரண்டாண்டுக்குள் செய்யலாம் என்று அதே அனுமதி வைத்ததும் முன்னெச்சரிக்கையைத் தலைகீழாக்கியதுதான். அறியவேண்டியதை விடுவிப்புக்குப் பின் தள்ளும் வரி எந்த அனுமதிக் கடிதத்தில் வந்தாலும் அதற்கு அடிக்கோடு போடுங்கள்.

தடை கேட்டால் அது எப்போது விலகும் என்பதையும் கேளுங்கள். 2009 அக்டோபர் 14 அன்று ஜிஇஏசி பிடி கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்ட பிறகு அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். மக்களும் வல்லுநர்களும் நிறைவடையும்படி சுயேச்சையான ஆய்வுகள் பாதுகாப்பை நிறுவும்வரை என்பது நிபந்தனை. எந்த ஆய்வு, யார் செய்வது, எந்த வரம்பைத் தாண்டினால் நிறைவு என்ற பட்டியல் ஒரு கால அட்டவணையாக வரவில்லை. முடிவு சரியா தவறா என்பது வேறு விஷயம். அதன் அமைப்பில் ஓட்டை இருந்தது. ஆட்சேபித்தவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு விடை வரவில்லை. வங்கதேசமோ அதே மரபணுவுக்கு 2013இல் அனுமதி தந்துவிட்டது.

மனுவின் உருவம்

ஆறு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பக்கத்தில் கோப்பு எண், பயிர், மரபணு நிகழ்வின் பெயர், உங்கள் அமைப்பு, மூன்று வரியில் கோரிக்கை. பிறகு ஒரு தீங்குப் பாதைக்கு ஒரு பக்கம். மூன்று பாதைக்கு மேல் எடுக்காதீர்கள். பதினைந்து ஆட்சேபம் வைத்தால் குழு பலவீனமான மூன்றுக்குப் பதில் சொல்லி மீதியை விட்டுவிடும். ஒவ்வொரு பக்கமும் இந்த அமைப்பில் இருக்கட்டும் (எண்கள் மாதிரிக்கு மட்டும்):

"கோப்பின் 84ஆம் பக்க அட்டவணைப்படி 50 மீட்டரில் 300 விதைகள் சோதிக்கப்பட்டு கலப்பு காணப்படவில்லை. இந்த எண்ணிக்கையால் 1%க்குக் கீழான கலப்பை மறுக்க இயலாது. சுற்றுவட்டாரத்தில் சொலானம் இன்சானம் இயல்பாக வளர்கிறது. கலப்பின் பிழைப்புத் திறன் குறித்த ஆய்வு கோப்பில் இல்லை. பரவினால் திரும்பப் பெற இயலாது. எனவே, குறைந்தது 3,000 விதைகள், 30 செடிகளுக்குக் குறையாமல் எடுத்து, இரண்டு பருவம் சோதிக்க வேண்டும். கலப்பு 0.1%க்குக் கீழே என்றும் கலப்பினத்தின் விதை உற்பத்தி காட்டுச் செடியைவிடக் கூடுதல் இல்லை என்றும் தெரியவந்தால் இந்த ஆட்சேபம் விலகும். இந்த ஆய்வின் செலவு விண்ணப்பதாரருடையது."

கடைசி வாக்கியத்துக்கு முன்னால் உள்ள "ஆட்சேபம் விலகும்" என்பதை எழுதப் பலர் தயங்குகிறார்கள். எழுதுங்கள். எந்தத் தரவு வந்தாலும் மாறாத நிலை கொள்கை நிலைப்பாடாக இருக்கலாம். அதை ஆபத்து மதிப்பீட்டுக் குழுவின் முன் வைத்துப் பயனில்லை, சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டும்.

மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஸ்பீட் போஸ்டில் ஒரு படி போகட்டும். சேர்ப்பித்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மாநில வேளாண் துறைச் செயலருக்கும் ஒரு படி அனுப்புங்கள். தடையின்மைச் சான்று கேட்டு விண்ணப்பம் வரும்போது அது மேசையில் இருக்கும்.

அனுமதி வந்துவிட்டால்

1989 விதிகளின் 19ஆம் விதி, முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய இடம் தருகிறது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் பிரிவு 14இன்கீழ் வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்; தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

டிஎம்எச்-11 அனுமதியை எதிர்த்த உச்ச நீதிமன்ற வழக்கின் தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது கவனம். 2024 ஜூலை 23 அன்று நீதிபதி நாகரத்னா அனுமதி முறையில் முன்னெச்சரிக்கைக் கொள்கை மீறப்பட்டது என்றார். நீதிபதி சஞ்சய் கரோல் அனுமதியை ஏற்றார். பிளவுத் தீர்ப்பு என்பதால் முதலாவதைக் கட்டுப்படுத்தும் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. அதன் காரணங்களை வாதமாகப் பயன்படுத்தலாம். மரபணு மாற்றுப் பயிருக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். அதைத் தயங்காமல் எடுத்துக்காட்டலாம்.

மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு (பயிரின் சொந்த மரபணுவையே திருத்தி உருவாக்கியவை) இந்த வழியின் பெரும்பகுதி அடைபட்டிருக்கிறது. வெளி மரபணு நிற்காத எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 என்ற திருத்த வகைகளை 2022 மார்ச் 30 தேதியிட்ட ஆணை, 1989 விதிகளின் 7 முதல் 11 வரையான விதிகளிலிருந்து விலக்கியது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு திருத்த நெல் இரகங்கள் அந்த வழியில் வந்தவை. இவற்றுக்கு ஜிஇஏசியில் மனுப் போட்டுப் பயனில்லை. வெளி மரபணு எதுவும் மிஞ்சவில்லை என்று எந்தச் சோதனையால் உறுதி செய்தார்கள் என்பதை ஐபிஎஸ்சி, ஆர்சிஜிஎம் ஆவணங்களில் கேட்பதே மிச்சமுள்ள வழி.

மற்றப் பயிர்களில் 1989 விதிகளின் 13ஆம் விதியை மறக்காதீர்கள். முதல் அனுமதி அதிகபட்சம் நான்கு ஆண்டு, பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு ஆண்டு. தீங்கு குறித்துப் புதுத் தகவல் வந்தாலோ, எதிர்பாராத சேதம் நேர்ந்தாலோ, நிபந்தனை மீறப்பட்டாலோ திரும்பப் பெறும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. அனுமதி முடியும் தேதிக்கு எட்டு மாதம் முன்பே நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகளை ஆர்டிஐயில் கேளுங்கள். அறிக்கை இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலின் நகலை இணைத்துப் புதுப்பிப்புக்கு எதிரான மனுவை அன்றே தயார் செய்யலாம்.